ஐயாயிரம் வோல்ட்டுக்குக் காயில் கட்டுதல்

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஹைட்ரஜன் நிறமாலைக் குழாயை, அதாவது அந்த வாயுவை அடைத்த கண்ணாடிக் குழாயை, ஒளிரவைக்க 5,000 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டியிருந்தது. கடையில் கிடைக்கும் பொருள்தான். ஆனால் அப்படிக் கிடைப்பவை பிசினை ஊற்றி இறுக்கிய கறுப்புக் கட்டிகள். உள்ளே என்ன இருக்கிறது என்று மாணவர்களுக்குக் காட்ட முடியாது; கெட்டுப்போனால் பிரிக்கவும் முடியாது. எனவே நாங்களே கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம். கோவையில் இருந்துகொண்டு காயில் கட்ட ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பம்ப்செட்டும் மோட்டாரும் வளர்த்த ஊர் இது. கணபதிப் பக்கம் போனால் ரீவைண்டிங் பட்டறைகள் ஒன்றையடுத்து ஒன்றாக இருக்கும்.

நான் போன பட்டறைக்காரர் என்னைவிட வயதில் மூத்தவர். நீர்மூழ்கி மோட்டார்களுக்குக் காயில் கட்டியே தலை நரைத்தவர். அந்த மோட்டார்களில் பலவற்றுக்குள் தண்ணீரே நிரம்பியிருக்கும். 415 வோல்ட் ஓடும் சுருள் ஆண்டுக்கணக்காக அந்தத் தண்ணீரிலேயே கிடக்கும். கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை பழுதில்லாமல் இருக்கிறவரை ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு வேலையில் கை பழகியவருக்குக் காப்பு என்றால் உறைதான். கம்பியின் உறை நன்றாக இருந்தால் வேலை நன்றாக இருக்கும். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியும் அதிலிருந்தே வந்தது: “ஐயாயிரம் வோல்ட்டுக்குத் தாங்கும் கம்பி எங்கே கிடைக்கும் சார்?”

“கம்பி வழக்கமான எனாமல் கம்பிதான் அண்ணா” என்றேன். அவர் நம்பவில்லை. அன்று மாலை அவருடைய மேசையில் உட்கார்ந்து நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உயர் மின்னழுத்தச் சுருளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முழுவதும் அந்தக் கணக்கில் இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. இது உயிரைப் பறிக்கக்கூடிய பொருள். நான் எழுதுவது எப்படிச் சிந்திப்பது என்பதற்காக. படித்துவிட்டுத் தனியாக வீட்டில் உட்கார்ந்து கட்டுவதற்காக அல்ல. குறிப்பாக, பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து பிடுங்கிய டிரான்ஸ்ஃபார்மரை யாரும் தொடாதீர்கள். அது தருவது 2,000 வோல்ட் அளவுதான். ஆனால் அதன் பின்னால் அரை ஆம்பியருக்குமேல் நிற்கிறது. மரப்பலகையில் மின்னல் கோலம் எரிக்கிறேன் என்று அதை வைத்து விளையாடி அமெரிக்காவில் பலர் செத்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல் கலைஞர்களின் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அந்தச் செய்முறையையே தடை செய்துவிட்டது. நாங்கள் கட்டியதில் வெளிவரும் மின்னோட்டம் சில மில்லியாம்பியர்கள்தான். அப்படியிருந்தும் அதைப் பூட்டிய பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறோம். மூடி திறந்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும்.

இனி கணக்கு. ஒரு சுற்றுக்கு எத்தனை வோல்ட் என்பதைச் சுருள் ஏறும் இரும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு தீர்மானிக்கிறது. 50 ஹெர்ட்ஸில், இரும்பில் ஒரு டெஸ்லா காந்தப் பாய அடர்த்தி என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டரில் உள்ள பரப்பால் 45-ஐ வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். அண்ணன் அங்குலத்தில் பழகியவர். அவருக்கு இதே விதி, 7-ஐச் சதுர அங்குலப் பரப்பால் வகுப்பது. இரண்டும் ஒன்றே. இரும்புச் சட்டத்தில் சுருள் ஏறும் கால் 42 மில்லிமீட்டர் அகலம், தகடுகளின் அடுக்கு 45 மில்லிமீட்டர் உயரம். தகடுகளுக்கிடையிலான இடைவெளியைக் கழித்தால் 18 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு வோல்ட்டுக்கு 2.5 சுற்று. 230 வோல்ட் உள்ளே போகும் முதன்மைச் சுருளுக்கு 575 சுற்று. 5,000 வோல்ட் வெளிவரும் துணைச் சுருளுக்கு 12,500 சுற்று.

எங்களுக்கு வேண்டிய திறன் ஐம்பது வோல்ட்-ஆம்பியர்தான். அதற்கு இவ்வளவு இரும்பு தேவையே இல்லை. ஆனால் இரும்பைச் சிறிதாக்கினால் சுற்றுகள் ஏறும். சுற்று ஏறினால் கம்பி மெலிய வேண்டும். காப்புக்கு இடம் குறையும். உயர் மின்னழுத்த வேலையில் இரும்பில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. துணைச் சுருளில் ஓடுவது 10 மில்லியாம்பியர். அதற்கு முடியளவு கம்பி போதும். நாங்கள் எடுத்தது 38 கேஜ், 0.15 மில்லிமீட்டர் விட்டம். மின்னோட்டத்துக்காக அல்ல, கையில் அறுந்துபோகாமல் இருப்பதற்காக.

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். ஒரு சுற்றுக்கும் பக்கத்துச் சுற்றுக்கும் இடையே இருக்கும் வேறுபாடு வெறும் 0.4 வோல்ட். எனாமலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஐயாயிரம் வோல்ட் எந்த ஒரு சுற்றிலும் இல்லை. அது முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையில்தான் இருக்கிறது. அந்த இரண்டும் ஒன்றையொன்று எவ்வளவு தூரத்தில் சந்திக்கின்றன, நடுவில் உள்ளவை படிப்படியாக ஏறுகின்றனவா அல்லது ஓரிடத்தில் குதிக்கின்றனவா என்பதைச் சுற்றும் முறைதான் முடிவு செய்கிறது. ஆகவே காப்பின் பெரும்பகுதி வடிவமைப்பில் இருக்கிறது. காகிதமும் எண்ணெயும் அதற்கு அப்புறம் வருபவை.

வழக்கமான பட்டறை முறையில், 80 மில்லிமீட்டர் நீளமுள்ள பாபினில் (கம்பி சுற்றும் கூடு) இந்தக் கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சுற்றி, மேலே காகிதம் வைத்து, திரும்பி வரவேண்டும். ஓர் அடுக்கில் சுமார் 444 சுற்று விழும். ஓர் அடுக்கில் 178 வோல்ட். திரும்பும் முனையில் இரண்டு அடுக்குகளும் தொட்டுக்கொண்டு தொடங்கும். மறுமுனையில் அவற்றுக்கிடையே 355 வோல்ட் நிற்கும். மாறுமின்னோட்டம் ஆகையால் அலையின் உச்சத்தில் 500 வோல்ட். “ஐந்நூறுதானே, கிராஃப்ட் காகிதம் தாங்காதா?” என்றார். தாங்கும். ஒரு வாரம் தாங்கும், ஒரு மாதமும் தாங்கும். அதற்குப் பிறகு ஒருநாள் காரணமே இல்லாமல் புகையும்.

காரணம் காற்று. 1889-இல் ஃபிரெடரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர், இரு மின்முனைகளுக்கு நடுவே உள்ள வாயு எந்த மின்னழுத்தத்தில் உடைகிறது என்று அளந்தார். வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தே அது அமைகிறது என்று கண்டார். காற்றுக்கு அந்த வளைகோட்டின் அடிமட்டம் சுமார் 330 வோல்ட். அதற்குக் கீழே, இடைவெளி எவ்வளவு சிறியதானாலும் பெரியதானாலும், காற்று உடையாது. வீட்டு மின்னழுத்தத்தில் இயங்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர்களை ஓரளவு அசட்டையாகச் சுற்றினாலும் அவை ஆயுள் முழுக்க ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவற்றில் அடுத்தடுத்த அடுக்குகளுக்கிடையே அந்த எல்லையைத் தாண்டும் இடமே பெரும்பாலும் இருக்காது.

எல்லையைத் தாண்டிவிட்டால் நிலைமை வேறு. காகிதத்துக்கும் கம்பிக்கும் நடுவே சிக்கிய ஒரு தட்டையான காற்றுப் பையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு பொருள் தனக்குள் மின்புலத்தை எவ்வளவு தணிக்கிறது என்பதைக் காட்டும் எண் மின்கடவாப் பண்பு. காற்றுக்கு அது 1. எண்ணெய் ஊறிய காகிதத்துக்கு ஏறக்குறைய 4. மின்புலம் இந்த இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. எண் குறைந்த இடத்தில்தான் அது குவியும். காற்றுப் பையில் நான்கு மடங்காக. ஆக, காகிதத்தைவிட வலிமை குறைந்த காற்றின் தலையிலேயே அதிகச் சுமை விழுகிறது. அலையின் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் அந்தப் பைக்குள் ஒரு மிகச் சிறிய பொறி. நொடிக்கு 50 அலைகள். பொறியின் வெப்பமும் அது உண்டாக்கும் ஓசோனும் பைச் சுவரை அரிக்கின்றன. மரக்கிளை வடிவில் கரிக்கோடுகள் கிளைத்துக் கொண்டே போய், ஒருநாள் மறுபக்கத்தைத் தொடுகின்றன. மேலும் காகிதம் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து அள்ளி வைப்பவர்கள், காகிதத்தோடு காற்றையும் சேர்த்தே அள்ளி வைக்கிறார்கள். வைண்டிங் வேலை செய்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கும் ஒரே விஷயம் இதுதான்: காப்பின் தடிமனை அளப்பதற்கு முன்னால், அதற்குள் எங்கே காற்று நிற்கும் என்று தேடுங்கள்.

இதற்கான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்துவிட்டது. ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று சுற்றிய இரும்பு வளையத்தில் சுற்றுகளுக்கு நடுவே கயிறும், அடுக்குகளுக்கு நடுவே பருத்தித் துணியும்தான் காப்பு. மின்னழுத்தம் சொற்பம் என்பதால் அது போதுமாக இருந்தது. 1836-இல் அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாதிரியாரும் பேராசிரியருமான நிக்கோலஸ் கேலன், மின்கலத்திலிருந்து உயர் மின்னழுத்தம் எடுக்கும் தூண்டுசுருளைக் கட்டினார். பிறகு பாரிஸில் கருவிப் பட்டறை நடத்திய ரூம்கார்ஃப் அதைச் சந்தைப் பொருளாக்கினார். சுருள்கள் பெரிதாகப் பெரிதாக, அடுக்கின் முனைகளில் உள்ளுக்குள்ளேயே பொறி பாய்ந்து அவை செத்தன. 1857-இல் பாஸ்டன் நகரில் கருவிகள் செய்துவந்த எட்வர்ட் ரிச்சி, நீளவாக்கில் சுற்றுவதை விட்டுவிட்டு, துணைச் சுருளை மெல்லிய வட்டுகளாகப் பிரித்துச் சுற்றினார். கொசுவர்த்திச் சுருள்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோலில் கோத்ததுபோல ஓர் அமைப்பு. மின்னழுத்தம் நீளவாக்கில் படிப்படியாக ஏறுகிறது. பெரிய வேறுபாடு உள்ள இரு கம்பிகள் எங்கும் அருகருகே வருவதில்லை. இருபது ஆண்டுகளுக்குள், வில்லியம் ஸ்பாட்டிஸ்வுட் என்ற ஆங்கில அறிஞருக்காகக் கட்டப்பட்ட சுருளில் 280 மைல் நீளக் கம்பி இருந்தது. அது காற்றில் 42 அங்குலப் பொறியை வீசியது. இன்றைய செயற்கை எனாமலோ எபாக்சியோ இல்லாத காலம் அது. ரான்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டதும், அதே ஆண்டுகளில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கியதும் இத்தகைய தூண்டுசுருள்களைக் கொண்டுதான். எவ்வளவு பெரிய கண்டுபிடிப்புகள் ஒரு கம்பியைச் சுற்றும் ஒழுங்கின் மேல் நின்றிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ரிச்சியின் வழியிலேயே நாங்களும் துணைச் சுருளைப் பத்து அறைகளாகப் பிரித்தோம். ஒவ்வோர் அறையும் 6 மில்லிமீட்டர் அகலம், நடுவில் 1.5 மில்லிமீட்டர் தடுப்பு. அறைக்கு 1,250 சுற்று, 500 வோல்ட். அறைக்குள் ஓர் அடுக்கில் 33 சுற்றுதான் விழும் என்பதால் அடுத்தடுத்த அடுக்குகளுக்கிடையே அதிகபட்சம் 26 வோல்ட். பாஷனின் எல்லைக்கு மிகக் கீழே. அறைக்குள் இரண்டொரு சுற்று பிசகி விழுந்தாலும் ஆபத்தில்லை. இந்த 26 என்ற எண் வந்தபோதுதான் அண்ணன் பேனாவை என் கையிலிருந்து வாங்கித் தானே மறுபடி போட்டுப் பார்த்தார். “அப்படியென்றால் நம் கம்பியே போதும் சார்” என்றார்.

அறைகளை இணைப்பதில் ஓர் அழகு இருக்கிறது. ஒன்றாம் அறையையும் இரண்டாம் அறையையும் அடியில் இணைக்க வேண்டும். இரண்டையும் மூன்றையும் மேலே. மூன்றையும் நான்கையும் மறுபடி அடியில். இப்படிச் செய்தால் எந்த இணைப்புக் கம்பியும் தன் அறையின் சுருளைக் குறுக்கே கடந்து ஏறவேண்டியதில்லை. மின்னழுத்தங்கள் கூட வேண்டுமானால் ஒன்றுவிட்டு ஓர் அறையில் இயந்திரத்தை எதிர்த்திசையில் சுழற்றிச் சுற்ற வேண்டும். இந்தத் திசை தவறினால் இரண்டு அறைகளின் மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். பத்து அறைகளுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலான நடு இணைப்பு தானாகவே அடியில், இரும்புக்குப் பக்கத்தில் வந்து விழுகிறது. அதை இரும்போடு சேர்த்துத் தரையிணைப்புக் கொடுத்துவிட்டோம். இப்போது ஒவ்வொரு முனையும் தரையைப் பொறுத்து 2,500 வோல்ட்தான். அந்த இரண்டு உயர் முனைகளும் சுருளின் வெளிப்புறத்தில், ஆளுக்கொரு கோடியில் வெளிவருகின்றன. இரும்பை ஒட்டிய உட்பக்கத்தில் எங்குமே 2,000 வோல்ட்டுக்கு மேல் கிடையாது. நியான் விளக்குப் பலகைகளின் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் நடுப்புள்ளியைத் தரையோடு சேர்க்கும் வழக்கம் உண்டு. இத்தனைக்கும் கூடுதலாக ஒரு தாள் காகிதம்கூட வாங்கவில்லை. இணைப்பு வரிசையை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

தடுப்புகளுக்கு அண்ணன் முதலில் ஹைலம் தகட்டைத்தான் எடுத்துவந்தார். பட்டறையில் எல்லாவற்றுக்கும் அதுதான். காகிதத்தைப் பிசினில் அழுத்திச் செய்த ஹைலம் வெட்டிய ஓரங்களின் வழியாக ஈரத்தை இழுக்கும். அதனால் கண்ணாடியிழை எபாக்சி தகட்டுக்கு மாறினோம். வெட்டும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு; முகமூடி போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்துத்தான் அறுக்க வேண்டும். இரும்புக் காலின் நான்கு மூலைகளையும் அரத்தால் உருட்டினோம், உள் குழாயின் மூலைகளையும்தான். கூரான மூலையில் மின்புலம் குவியும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. அரத்தைக் கையில் பிடித்துத் தேய்க்கும்போதுதான் அது மாணவர்களுக்கு உறைத்தது. பற்றவைத்த இடங்களிலும் இதேதான். ஈயம் ஊசிபோல் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. சிறு மணியாகத் திரண்டு வழவழப்பாக இருக்க வேண்டும்.

சுற்றும் வேலையை அருகிலிருந்து பார்த்தேன். கம்பிச் சுருளைத் தரையில் வைத்து, மேலே ஒரு கொக்கியில் மாட்டி இறக்கினார். இடது கையின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு துண்டு ஃபெல்ட் துணி; அதன் வழியாகக் கம்பி நழுவி ஓடுகிறது. 38 கேஜ் கம்பியின் இழுவிசையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அந்த ஃபெல்ட்டின் சூட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறார். கூடினால் கம்பி நீண்டு எனாமலில் மயிரிழை வெடிப்பு விழும்; குறைந்தால் சுற்றுகள் தொளதொளவென்று கிடந்து பின்னர் அதிரும். வலது கையில் கைப்பிடி. அறையின் ஓரத்தை நெருங்கும்போது சுழற்சி தானாக மெதுவாகிறது. கடைசிச் சுற்று தடுப்பின் சுவரில் உரசித் திரும்பியதும் மறுபடி வேகம். பருத்திக் கையுறை போடச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். விரல் வியர்வையின் உப்பு காகிதத்தில் படிந்தால் ஈரம் கிடைக்கும் நாளில் அதுவே மின்சாரத்துக்குப் பாதை என்று விளக்கியதும் போட்டுக்கொண்டார். சித்திரை வெயிலில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, கையுறையோடு உட்கார்ந்து சுற்றிய அந்தப் பொறுமைக்கு நான் கொடுத்த கூலி போதாது.

முதன்மைச் சுருள் இரும்பின் மறு காலில் இருக்கிறது. 26 கேஜ் கம்பி, 575 சுற்று. அண்ணனுக்கு அது ஒரு மதிய வேலை. இரண்டு சுருள்களும் வெவ்வேறு கால்களில் இருப்பதால் அவற்றுக்கிடையே காப்பு என்ற பிரச்சினையே எழவில்லை. இன்னொரு ஆதாயமும் உண்டு. நிறமாலைக் குழாய்க்குள் வாயு ஒருமுறை பற்றிக்கொண்டால் அதன் மின்தடை சரிந்துவிடும்; மின்னோட்டம் ஏற ஏற இன்னும் சரியும். கட்டுப்படுத்தாவிட்டால் குழாய் உடையும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் காந்தப் பாயம் கசிவது குறை. இங்கே அது தேவை. இரு கால்களுக்கும் நடுவிலுள்ள ஜன்னலில் இரும்புத் தகடுகளைக் குறுக்கே செருகி, பாயத்தில் ஒரு பகுதியை வழிமாற்றிவிடுகிறோம். தகடுகளைக் கூட்டிக் குறைத்து, வெளி முனைகளைக் குறுக்கிணைத்தாலும் 10 மில்லியாம்பியருக்கு மேல் போகாதபடி நிறுத்திக்கொள்ளலாம்.

எண்ணெயில் மூழ்கடிப்பதற்கு முன் ஒரு சோதனை. முதன்மைச் சுருளுக்கு 10 வோல்ட் மட்டும் கொடுத்தால் ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 22 வோல்ட் காட்ட வேண்டும். இணைத்த இரண்டு அறைகள் 43 வோல்ட்டுக்குமேல். ஜோடி பூஜ்யம் காட்டினால் திசை தவறு. இதைக் கைக்கு எட்டுகிற மின்னழுத்தத்தில், எல்லாம் வெளியே தெரியும்போதே பார்த்துவிடலாம். அதற்குப் பிறகு பட்டறையின் சீரிஸ் விளக்கு: டிரான்ஸ்ஃபார்மரோடு தொடரில் ஒரு குண்டு பல்பு. உள்ளே சுற்றுகள் குறுக்கிணைந்திருந்தால் அவற்றில் பெரும் மின்னோட்டம் ஓடும். பல்பின் இழை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சிவந்து அதைக் காட்டிக்கொடுத்துவிடும். விலையுயர்ந்த கருவிகள் எத்தனையோ வந்தும் தமிழ்நாட்டு வைண்டிங் பட்டறைகளில் இந்த விளக்கு சுவரில் தொங்கிக்கொண்டிருப்பது அதன் நேர்மைக்காகத்தான்.

காப்புக்கு எதை ஊற்றுவது என்பதில் எங்களுக்குள் நெடிய வாதம் நடந்தது. பட்டறை வார்னிஷ் வேண்டாம் என்றேன். அதில் பாதி கரைப்பான். அது ஆவியாகிப் போகிற இடத்தில் ஓட்டை விழும், அந்த ஓட்டையில் காற்று. பழைய தூண்டுசுருள்களில் ஊற்றிய பாரஃபின் மெழுகு நல்ல காப்புதான். ஆனால் உறையும்போது வெகுவாகச் சுருங்கி உள்ளே குழிகளை உண்டாக்கும். அடியிலிருந்து மிக மெதுவாகக் குளிரவிட்டு, மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எபாக்சி குழியில்லாமல் நிரப்பும். ஆனால் அப்புறம் பிரிக்க முடியாது. கடைசியில் தேர்ந்தது புதிய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய். பழைய மின்தேக்கி, பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து வடித்த எண்ணெயை யாரும் பயன்படுத்தக் கூடாது. ஒரு காலத்தில் அவற்றில் சேர்த்த குளோரின் சேர்மங்கள் கடும் நஞ்சு. எண்ணெய் எல்லா இடுக்கிலும் நுழையும். எப்போதாவது பொறி பாய்ந்தாலும் மறுபடி கூடிக்கொள்ளும். எடுத்துத் துடைத்தால் சுருள் அப்படியே வெளியே வந்துவிடும். மேலே தடித்த அக்ரிலிக் மூடி போட்டால் மாணவர்கள் பத்து அறைகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் எண்ணெய்க்கு முன் ஈரம் போக வேண்டும். அறைகளின் அடியிலும் இணைப்புகளிலும் வைத்த கிராஃப்ட் காகிதம், நம் காற்றில் சும்மா கிடந்தாலே தன் எடையில் ஆறேழு சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சுருளை 100 டிகிரிக்குச் சற்று மேல் சூடான உலர்த்தும் அடுப்பில் வைத்து, மின்காப்புத் தடையைக் காட்டும் கருவியான 1,000 வோல்ட் மெக்கரால் அவ்வப்போது அளந்தோம். இதில் ஒரு விந்தை உண்டு. சூடேறத் தொடங்கியதும் மின்காப்புத் தடை ஏறாது, இறங்கும். வெப்பம் தண்ணீரைக் கிளப்பிவிடுகிறது. காப்புப் பொருளின் தடையும் சூட்டில் குறையும். விவரம் தெரியாதவர் அந்தக் கட்டத்தில் பயந்து நிறுத்திவிடுவார். பொறுத்திருந்தால் முள் அடியில் சற்று நேரம் நின்று, பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிடும். அந்த மட்டம் வெகுநேரம் அசையாமல் இருந்தால்தான் காகிதம் காய்ந்துவிட்டது என்று பொருள். கடிகாரம் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை, முள் சொல்லட்டும். மாணவர்கள் அந்த அளவீடுகளை வரைபடத் தாளில் குறித்து, இறங்கி ஏறும் வளைகோட்டை வரைந்தார்கள். அது இப்போது ஆய்வகச் சுவரில் இருக்கிறது.

காய்ந்த சுருளைச் சூடு ஆறுவதற்குள் எஃகுக் கலனில் இறக்கி, ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் வெற்றிடப் பம்ப்பால் காற்றை இழுத்துவிட்டு, வெற்றிடம் குறையாமல் அடிப்பக்கக் குழாய் வழியாக வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாக ஏற்றினோம். எண்ணெய் மட்டம் ஒவ்வோர் அறையையும் தொடும்போது அந்த அறையிலிருந்து குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பின. முதலில் பெரியவை, பிறகு கடுகளவு, பிறகு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான தூள். கடைசிக் குமிழி எப்போது என்று எல்லோரும் கலனைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். குமிழி நின்ற பிறகும் வெகுநேரம் வெற்றிடத்தை வைத்திருந்தோம். அதன் பிறகுதான் காற்றை உள்ளே விட்டோம். அப்போது வளிமண்டல அழுத்தமே எண்ணெயைக் காகிதத்தின் இழைகளுக்குள் தள்ளிவிடுகிறது.

எண்ணெய்ப் பெட்டி கட்டுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பி.வி.சி. டேப்பை இந்த வேலையின் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் எண்ணெயில் கரைந்து எண்ணெயையே கெடுக்கும், பசையும் விட்டுப்போகும். கட்டுவதற்குப் பருத்தி நாடா போதும். இரண்டாவது, பல இழைகளை முறுக்கிய ஒயரை எண்ணெய்க்குள்ளிருந்து நேரே வெளியே கொண்டுவரக் கூடாது. இழைகளுக்கு நடுவே எண்ணெய் திரியேறுவதுபோல் ஏறி, மேசை முழுதும் சொட்டும். உள்ளிருந்து வரும் கம்பி பீங்கான் மின்காப்பானின் திடமான பித்தளைத் தண்டில் முடிய வேண்டும். அங்கிருந்து வெளி ஒயர் தொடங்க வேண்டும்.

முதல் மின்னேற்றம், மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட் வழியாக, பூஜ்யத்திலிருந்து படிப்படியாக. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு கை தூரத்துக்கு அப்பாலிருந்து பார்த்தோம். ஊதா நிறப் படர்வு எங்காவது தெரிகிறதா, ‘ஸ்’ என்ற ஓசை கேட்கிறதா, ஓசோன் வாடை வருகிறதா என்று ஒவ்வொரு படியிலும் நின்று கவனித்தோம். ஒரு முனையில் வெளி ஒயரின் நுனியில் மட்டும் மெல்லிய ஓசை. அங்கே பித்தளைக் குமிழ் ஒன்றைத் திருகியதும் அதுவும் அடங்கியது. மின் தொழிலில் முறையான சோதனை என்றால் இரு மடங்கு மின்னழுத்தத்தை இரு மடங்கோ அதற்கு மேலோ அதிர்வெண்ணில் கொடுப்பார்கள். 50 ஹெர்ட்ஸிலேயே இரு மடங்கு கொடுத்தால் இரும்பு நிறைவடைந்து மின்னோட்டம் தறிகெட்டு ஏறும். அதற்கான ஜெனரேட்டர் வசதி ஒரு மோட்டார் பட்டறையில் கிடைத்தது, அதையும் செய்துவிட்டோம். பிறகு ஹைட்ரஜன் குழாயைச் சட்டத்தில் பொருத்தி மின்னேற்றினோம். நிறமாலைமானியின் கண்ணாடி வழியே 656.3 நானோமீட்டரில் சிவப்புக் கோடு, 486.1-இல் நீலப்பச்சை, 434.0-இல் ஊதா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. அண்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினோம். ஒவ்வொரு கோடும் எதனால் வருகிறது என்று எங்கள் முதுநிலை மாணவி ஒருத்தி அவருக்கு விளக்கினாள். அவர் பதிலுக்கு அவளிடம் அறைகளின் எதிர்த்திசைச் சுற்றை விளக்கினார்.

இதைப் படிக்கும் இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வக அலமாரியின் அடித்தட்டில் மரப்பெட்டியில் அமர்ந்த ஒரு பழைய தூண்டுசுருள் கிடக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், மின்னேற்றியும் பார்க்காதீர்கள். பழைய வெற்றிடக் குழாயோடு சேர்த்து இயக்கினால் எக்ஸ் கதிர் வர வாய்ப்புண்டு. மெக்கர் இருந்தால் துணைச் சுருளுக்கும் இரும்புக்கும் இடையே தடையை அளந்து குறித்து வையுங்கள். துணைச் சுருள் தொடர்ச்சியாக இருக்கிறதா, எத்தனை ஓம் என்று பாருங்கள். தட்டுத்தட்டாகப் பிரித்துச் சுற்றியதா, நீளவாக்கில் சுற்றியதா என்று பக்கவாட்டில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தட்டுகளாக இருந்து, கெட்டது ஒரு தட்டு மட்டும் என்றால், அதை மட்டும் பிரித்துப் புதிதாகச் சுற்ற முடியும். அளவீடுகளையும் சில படங்களையும் எனக்கு அனுப்புங்கள். சுற்ற அண்ணன் தயாராக இருக்கிறார். கையுறையைக்கூட அவரே எடுத்து வைத்திருக்கிறார்.